நான் தோண்டாத குழி

எனக்கு வீடு கிடைத்தபோது அதற்கு மூன்று படிகள் இருந்தன. ஏறித்தான் உள்ளே போவோம். இரண்டு வருஷம் கழித்து அதே வீட்டுக்குள் நான் இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் யாரும் வீட்டை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தரையை ஒரு விரற்கடைகூட வெட்டவில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனாலேயே இதை முதலிலிருந்து கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாயைத் தாண்டி, ஆற்றை ஒட்டி ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கல்யாணமாகிப் போய்ச் சேர்ந்த இடம் மேல் லயத்தில் ஒரு அறை. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. எங்கள் அறையில் ஏழு பேர் இருந்தோம். மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், ஒரு நாத்தனார், நாங்கள் இருவர். நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் புதுசாகக் கல்யாணமானவர்கள். அந்தப் பக்கம் மாமனாரின் இருமல்.

மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த அறையில் நல்லவராக இருப்பதற்குக்கூட யாருக்கும் இடம் போதவில்லை. என் வீட்டுக்காரரிடம் கோபமாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் ரப்பர் காட்டுக்குள் போய்த்தான் பேச வேண்டும். அங்கே போய்ச் சேருவதற்குள் கோபம் ஆறிவிடும். இப்படியே போனால் இந்த மனுஷரோடு நான் ஒருநாளும் சரியாகச் சண்டை போடப் போவதில்லை என்று எனக்குப் பயமாகிவிட்டது. சமாதானமும் அப்படித்தான், அதற்கும் காடுதான்.

ஆற்றோரத்தில் கீழ் லயம் இருந்தது. அதில் கடைசி அறை காலி. தண்ணீர் வரும் என்று யாருக்கும் அது வேண்டாம். நான் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணியிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

"அது ஆத்துக்குப் பக்கம், தெரியுமா?" என்றார்.

"தெரியுங்கய்யா. ஆத்துக்கு இருமல் இல்லீங்களே."

அவர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அறை என்றால் பாதிவரை செங்கல், மேலே பலகை, அதற்கு மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. நான் அதை வீடு என்றுதான் சொன்னேன். முதல் நாள் வேண்டுமென்றே ஒரு சின்ன விஷயத்துக்குச் சண்டையை ஆரம்பித்தேன். வீட்டுக்காரரும் சளைக்கவில்லை. நன்றாக, சத்தமாக, யாரும் குறுக்கே வராமல் சண்டை போட்டோம். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது.

ஆற்றின் மேல்பக்கம், இரண்டு வளைவு தள்ளி, ஒரு தவுக்கே, சீன முதலாளி, ஈய லம்பம் போட்டிருந்தார். லம்பம் என்பது ஈயம் எடுக்கிற இடம். சுரங்கம் என்று சொல்லிவிட்டால் மனிதர்கள் விளக்கோடு பூமிக்குள் போவதாக ஜனங்கள் நினைக்கிறார்கள். இங்கே யாரும் உள்ளே போகவில்லை. மலைதான் வெளியே வந்தது. தூரத்து மேட்டிலிருந்து தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, பீரங்கி மாதிரி ஒரு பெரிய வாய் வைத்து, மலையைப் பார்த்துத் திருப்பி விடுவார்கள். தண்ணீர் அடிக்கிற அடியில் மலை கரைந்து குழிக்குள் குழம்பாக ஓடும். அந்தக் குழம்பை இயந்திரம் வைத்து உறிஞ்சி, ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே கட்டிய நீளமான மரக்கால்வாயில் ஏற்றுவார்கள். கால்வாய் நெடுகக் குறுக்குக் கட்டைகள் இருக்கும். கனமான ஈய மணல் கட்டையின் அடியில் தங்கிவிடும். மற்றது எல்லாம் வழிந்து போகும். ஒரு கைப்பிடி ஈயத்துக்கு எவ்வளவு மலை வழிந்து போனது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அது போன இடம் மட்டும் எனக்குத் தெரியும். என் வாசல்.

நான் வந்த புதிதில் ஆற்றில் கெளுத்தி பிடித்திருக்கிறோம். சில மாதத்திலேயே தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. மீன் போயிற்று. துணி துவைத்தால் துவைப்பதற்கு முன்பு இருந்த அழுக்கு தேவலை என்று ஆனது. பிறகு மழைக்காலம் வந்தது. ஆறு கரையேறி வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போனது. போகும்போது தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மண்ணை எங்களிடமே விட்டுவிட்டது. தோசை மாவு பதத்தில், காணாமல் போன முதல் படியின் உயரத்துக்கு, லயம் முழுக்க ஒரே மட்டமாகக் கிடந்தது.

நாங்கள் என்ன செய்வோம், மண்வெட்டியை எடுத்தோம். இரண்டு நாள் வாரி வீட்டுப் பின்னால் குவித்துப் படியை மீட்டோம். மூன்றாம் நாள் சுரங்க இலாகாத் துரை ஒருவர் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக வந்தார். லம்பத்தைப் பார்க்க வந்தவர் வழியில் எங்கள் குவியலைப் பார்த்துவிட்டார். ஒரு பிடி எடுத்து, தகரத் தட்டில் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சுழற்றினார். தட்டில் கறுப்பாக நாலு மணல் நின்றது.

அதன்பிறகு கிராணி வந்து விளக்கிச் சொன்னதைத்தான் நான் இன்றுவரை புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருக்கிறேன். இந்த மண்ணில் ஈயம் இருக்கிறது. இந்த நிலம் ரப்பர் போடக் கொடுத்த நிலம். ரப்பர் நிலத்தில் ஈய மண்ணை அள்ளினால் அது திருட்டு லம்பம்.

"அப்ப ஆத்துலயே திருப்பிக் கொட்டிடறோங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆத்துல மண்ணு போடக்கூடாது லா. அதுக்கு வேற சட்டம் இருக்கு."

"அந்த லம்பத்துக்காரன் போடறானே?"

"அவன்கிட்ட சர்க்கார் சீட்டு இருக்கு."

ஆக, மண்ணை அள்ளக் கூடாது, கொட்டவும் கூடாது. வைத்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் சீட்டு வேண்டியதில்லை.

அடுத்த மழையில் மறுபடியும் ஒரு படி போனது. வாரவும் முடியாது. அப்போதுதான் கிராணி வேறொரு குண்டைப் போட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை சுகாதாரத் துரை வருவார். லயத்து வீட்டுத் தரை வெளி மண்ணைவிட இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று விதி. அவர் அளவுகோல் எல்லாம் கொண்டுவருவதில்லை. நடந்துகொண்டே படிகளை எண்ணுவார். மூன்று படி இருந்தால் வீடு. இல்லாவிட்டால் குடியிருக்கத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார். எழுதிவிட்டால் நாங்கள் சேலைக்கு இந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டியதுதான்.

நான் கிராணி முகத்தைப் பார்த்தேன். அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"மூணு படிதானே அவருக்கு வேணும்," என்றார் மெதுவாக. "கீழ போனா போகட்டும். மேல ஒண்ணு கட்டிக்க."

இது எவ்வளவு பெரிய யோசனை என்று அப்போது தோன்றியது! வாசலின் அடியில் ஒரு படி உயரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்து, வாசக்காலை அதற்கு மேலே தூக்கி வைத்தோம். வெளியே ஒரு படி கூடியது. மூன்றாகிவிட்டது. உள்ளே போனதும் ஒரு படி இறங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வாசக்காலைத் தூக்கி வைத்தால் சும்மா இருக்க முடியுமா? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்தோம். மேல் லயத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். மாமியார் ஒரு சொம்பு கொடுத்தார். கிராணி சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சுகாதாரத் துரை வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுதினார். போனார்.

பிறகு ஆறு வருவதும், நாங்கள் வாசக்காலைத் தூக்குவதும், பொங்கல் வைப்பதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் அந்த ஒரே வாசக்காலுக்கு ஐந்து தடவை பூஜை போட்டோம். மூன்றாவது தடவையே சொம்பு வருவது நின்றுவிட்டது. ஐந்தாவது தடவை வந்தவர் கிராணி ஒருவர்தான். பக்கத்து அறைக்காரர்களெல்லாம் ஒவ்வொருவராக மேல் லயத்துச் சொந்தக்காரர்களிடம் போய் ஒண்டிக்கொண்டார்கள். நான் அசையவில்லை. என் வீட்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு ரோஷம் வந்தது. வெளியே மூன்று படி ஏறி, குழந்தை மாதிரித் தவழ்ந்து வாசலைத் தாண்டி, உள்ளே ஐந்து படி இறங்குவேன். வாசலுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு பெட்டி நுழைகிற அளவுதான் சந்து இருந்தது. வெளியே நின்றால் ஓலை என் தோளில் இடித்தது.

காட்டிலும் இதே கூத்துதான். என் வீட்டுக்காரர் பால் வெட்டுகிற நிரை ஆற்றோரம் இருந்தது. முதல் வருஷம் நின்றுகொண்டு வெட்டிய மரத்தை அடுத்த வருஷம் குனிந்து வெட்டினார். பிறகு உட்கார்ந்து வெட்டினார். மரம் உயரம் குறையவில்லை, அடிமரத்தை மண் விழுங்கிக்கொண்டு வந்தது. ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி தன் அளவுக் குச்சியை மண்ணில் ஊன்றிப் பார்த்துவிட்டு, "வெட்டு ரொம்பக் கீழ இருக்கே, யாரைக் கேட்டு இவ்வளவு கீழ எறக்கின?" என்று திட்டினாராம். வேருக்கு மூச்சுவிட வழியில்லாமல் அந்த நிரையே இலை பழுத்து நின்றது. பட்டுப்போன மரங்களில் பால் குறைவு என்றும் திட்டு விழுந்தது.

எனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போதுதான் அது நடந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் வாசல் சந்தில் நுழைந்து வர முடியாமல் நான் தோட்ட வேலையை விட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பிள்ளை என் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தொங்கவிட்ட சேலைக்கு இந்தப் பக்கம் பெற்றுக்கொள்ள எனக்கு மனசில்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று காலை சோறு வைக்க அரிசி அரித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து அரிசியில் பாதி கல். அரிக்கஞ்சட்டியில் தண்ணீரோடு போட்டு வட்டமாகச் சுழற்றினால், கனமான கல் அடியில் நிற்கும், அரிசி மேலே வழியும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலை. தரையில் ஊற்று மாதிரி தண்ணீர் கசிந்துகொண்டிருந்ததால் பக்கத்தில் ஒரு வாளியும் வைத்திருந்தேன். அப்போது வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேலே வாசல் சந்தில் சுரங்க இலாகாத் துரையின் தலை. தொப்பியைக் கழற்றியிருந்தார். தொப்பியோடு அந்தச் சந்தில் நுழைய முடியாது.

அவர் பார்த்தது என்ன? ஒரு குழி. இறங்கப் படி. இறைக்க வாளி. அடியில் உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளை மண்ணைத் தண்ணீரில் போட்டுச் சுழற்றுகிறாள். லம்பத்து வாய்க்கால் ஓரத்தில் சீனப் பெண்கள் தட்டை வைத்துக்கொண்டு ஈயம் அரிப்பதை அவர் தினமும் பார்க்கிறவர். கையை நீட்டி என்னிடம் சீட்டு கேட்டார்.

"சோறுங்க துரை," என்றேன். "சோத்துக்குங்க."

அவருக்குப் புரியவில்லை. சட்டியைக் கேட்டார். கொடுத்தேன். அரிசியை வழித்துவிட்டு அடியைப் பார்த்தார். கல்லோடு கல்லாக நாலு கறுப்பு மணல். ஆற்றுத் தண்ணீரில் அரித்தால் வேறு என்ன நிற்கும்? சட்டியைச் சாட்சிக்கு என்று எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நாங்கள் கல்லோடு சோறு தின்றோம்.

மறுநாள் ஆபீஸில் விசாரணை. தோட்டத்துத் துரை நாற்காலியில் இருந்தார். ஒரு பக்கம் சுகாதாரத் துரை, ஒரு பக்கம் சுரங்கத் துரை. மேஜைமேல் என் அரிக்கஞ்சட்டி. நானும் வீட்டுக்காரரும் நின்றோம். கிராணி இரண்டு பக்கத்துக்கும் பேசினார்.

இது வீடா, குழியா என்பதுதான் பேச்சு. சுகாதாரத் துரை தன் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நாலு தடவை பார்த்திருக்கிறார், நாலு தடவையும் மூன்று படி, நல்ல வீடு. சுரங்கத் துரை, தரை வெளி மண்ணுக்குக் கீழே இருந்தால் அது குழிதான், எத்தனை படி இருந்தாலும் குழிதான் என்றார். தோட்டத்துத் துரைக்கு வியர்த்துக்கொட்டியது. குழி என்று ஆகிவிட்டால் ரப்பர் நிலத்தில் லம்பம் நடத்தியதாக அவர்மேல் வரும்.

கடைசியில் சுரங்கத் துரை ஒரு தாளை எடுத்தார். கிராணி என் பக்கம் திரும்பினார்.

"குழியை யார் தோண்டினதுன்னு கேக்குறாரு."

எனக்கு ஆத்திரம் வந்தது. "யாரும் தோண்டலீங்க. நான் இருந்த எடத்துலயே இருக்கேன். ஊருதான் மேல போயிருச்சு," என்றேன்.

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். சுரங்கத் துரை தாளில் ஒரு இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். தாளில் தோண்டியவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதைக் காலியாக விடக்கூடாதாம். லம்பத்துக்காரர் பெயரைப் போடுங்கள் என்றேன். லம்பத்துக்காரர் தோண்டுவது அங்கே மலையில், இங்கே வந்து அவர் எதையும் தோண்டவில்லையே என்றார்கள். அதுவும் உண்மைதான். கடைசியில் கிராணி அந்தக் கட்டத்தில் மழை என்று எழுதினார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

மழையைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதே, எங்களை விட்டுவிட்டார்கள். ஆனால் குழி என்று ஒன்று இருக்கக் கூடாது, மூடிவிட வேண்டும் என்று உத்தரவானது. மூடிவிட்டால் சுரங்கத் துரைக்குக் குழி இல்லை, சுகாதாரத் துரைக்கு ஈர வீடு இல்லை, தோட்டத்துத் துரைக்குத் தொல்லை இல்லை. மூன்று பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக அள்ளினால் குற்றமாக இருந்த மண்ணை இனி அள்ளலாம், என் வீட்டுக்குள் கொட்டுவதற்காக.

"ஐயா, பிள்ளை பொறக்கற வரைக்குமாச்சும் விடச் சொல்லுங்கய்யா," என்று கிராணியின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "இருபது நாள் போதுங்க."

"வேலை வெள்ளிக்கிழமைக்குப் போட்டாச்சு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பெயர் கூப்பிடுகிற பெரட்டில் கங்காணி ஆள் பிரித்தார். கீழ் லயத்தில் குழி மூட ஆறு பேர். இலை பழுத்துப்போன நிரையில் வெட்டு இல்லை என்று என் வீட்டுக்காரர் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அவர் கூடையை எடுத்துக்கொண்டார். மறுத்தால் அன்றைக்குப் பெயர் விழாது, கூலி கிடையாது. நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இவர்கள் என் தலையில் கொட்டுகிறார்களா, பார்த்துவிடலாம் என்று இருந்தேன். மேலே வாசல் சந்தில் என் வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. கையில் கூடை.

"மேல வா புள்ள," என்றார்.

"மாட்டேன்."

"கங்காணி பாக்குறாரு."

"பாக்கட்டும். கொட்டுங்க."

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவரைத் திட்டினேன். அவர் திருப்பித் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து எழுப்பினார். பாயையும், சட்டிபானையையும், சாமி படத்தையும் ஒவ்வொன்றாக மேலே எட்டிக் கொடுத்தார். பிறகு என்னை முதுகில் கை கொடுத்துத் தள்ளி அந்தச் சந்து வழியாக வெளியே ஏற்றினார். வயிறு வாசக்காலில் உரசியது. முதல் கூடையை அவர்தான் கொட்டினார்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. உள்ளே தரை இல்லை, அடுப்பு இல்லை, வாசக்கால்வரை மண். கிராணி வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, வீட்டைக் காலி செய்கிறவர்கள் கதவைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்றார். நான் அவர் கேலி பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை, புத்தகத்தோடு நின்றார். முழங்கால் உயரமே மிஞ்சியிருந்த கதவை என் வீட்டுக்காரர் மண்டிபோட்டுச் சாத்திப் பூட்டினார். கிராணி பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். சாவியை வாங்கினார், கைநாட்டு வாங்கினார். அந்த வீட்டுக்குள் எதைத் திருட யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விதி சொல்லியிருப்பார்.

மேல் லயத்துக்கு ஏறிப் போனோம். ஏழு பேரும் அன்றைக்கு அங்கேதான் இருந்தோம், என் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் எட்டு. மாமியார் அரிசித் தகரத்தை நகர்த்தி, பாய்களைச் சுருட்டி, ஒரு மூலையைப் பெருக்கி வைத்திருந்தார்.

"உள்ள வாம்மா," என்றார். "எடம் இருக்கு."

இடம் இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீடு போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் கோணிக்கொண்டு வந்தது. மாமியார் என்னைப் பார்த்தார். மாமனாரை, கொழுந்தன்மாரை, நாத்தனாரை, தன் மகனையும் சேர்த்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். தானும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நான் அழுது முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.